இசைக்கு மொழியில்லை என்பார்க்கு இங்கிலாந்து தரும் விடை

இசைக்கு மொழி ஏது என்று கேட்பதைப் பேரறிவின் அடையாளமாகக் கருதும் கூட்டமொன்று நம்மிடையே நெடுநாளாக உலவி வருகின்றது. பொருளறியாது பாடுவார்க்கும் பொருளறியாது தலையசைப்பார்க்கும் அக்கூற்று ஒரு போர்வை. குளிருக்குப் போர்த்தியதன்று, அறியாமையை மறைக்கப் போர்த்தியது.

அண்மையில் அக்கூட்டத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர் எம்மிடம் வந்தார். ஆங்கிலம் கற்றவர், ஆங்கிலத்திலேயே அலுவல் பார்த்து ஓய்வூதியம் பெறுகின்றவர். தம் கைப்பேசியைத் திறந்து, கேம்பிரிட்சு மன்னர் கல்லூரிப் பாடற்குழுவினர் 1963-ஆம் ஆண்டு ஒலிப்பதிவு செய்த 'மிசரேரே' என்னும் பாடலைக் கேட்பித்தார். கற்கூரையை முட்டுவதுபோல் ஒரு சிறுவனின் குரல் எழுந்தெழுந்து இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்பர் சொன்னார்: "பார்த்தீர்களா ஐயா, இஃது இலத்தீன். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் உள்ளம் உருகிவிட்டது. இசைக்கு மொழி வேண்டுமா, சொல்லுங்கள்!"

யாம் சொன்னது இவ்வளவே: "இன்னொரு முறை போடுங்கள், ஐயா. அவர்கள் பாடுவது ஆங்கிலம்."

மறுமுறை கேட்டார். சிறிது நேரத்தில் அவர் முகம் மாறிற்று. நாற்பது ஆண்டு சோறு போட்ட மொழியை அவர் காது அடையாளங் காணவில்லை. ஏனெனில், அவர் சொல்லைக் கேட்கவேயில்லை.

அந்தப் பாடலை இத்தாலியரான அல்லெகிரி 17-ஆம் நூற்றாண்டில் உரோமையில் போப்பாண்டவரின் தனிக்கோயிற் பாடகர்க்கென இலத்தீனில் அமைத்தார் என்பது உண்மை. ஆனால், இங்கிலாந்தின் ஊசுட்டர்ப் பெருங்கோயிலில் இசைப்பொறுப்பில் இருந்த ஐவர் அட்கின்சு அதனை ஆங்கிலச் சொற்களுக்கு இயையப் பதிப்பித்தார். மன்னர் கல்லூரியின் இசைத்தலைவர் டேவிட் வில்காக்சு அவ்வாங்கில வடிவத்தையே தம் குழுவினர்க்குத் தந்தார். உயர்ந்த குரலைப் பாடியவன் இராய் குட்மன் என்னும் சிறுவன். உலகெங்கும் விலைபோன அந்த ஒலித்தட்டில் உரோமையின் இலத்தீன் இல்லை. அச்சிறுவன் தாயிடங் கற்ற மொழியே இருக்கின்றது. இசைக்கு மொழியில்லை என்பதற்கு அன்பர் கொணர்ந்த சான்றே அவர்க்கு எதிர்ச்சான்றாயிற்று!

இது தற்செயலாக நேர்ந்ததன்று. இங்கிலாந்தின் சேர்ந்திசை வரலாறு முழுவதும் மொழி வழக்கின் வரலாறே. அதனை மொழியின்றிப் பேசுவோர், நீரின்றி ஆற்றைப் பேசுவோர்.

16-ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை இங்கிலாந்தின் கோயில்களிற் பாடப்பட்டது இலத்தீன். ஐந்து குரல், ஆறு குரல் எனப் பின்னிப் பின்னி, ஓர் அசையையே மூச்சு முட்டும் அளவு நீட்டிப் பாடினர். உழவனும் நெசவாளியும் கோயிலின் நடுவே நின்று அவ்வொலியைக் கேட்டனரேயன்றி, தாம் வணங்கும் கடவுளிடம் தம் பெயரால் என்ன சொல்லப்படுகின்றது என்பதை அறிந்தாரல்லர். அந்நிலையை மாற்ற முன்வந்தவர் கேண்டர்பரித் தலைமைப் பேராயர் தாமசு கிரான்மர். 1544-ஆம் ஆண்டையொட்டி அவர் எட்டாம் என்றி அரசர்க்கு எழுதிய மடலொன்று இன்றும் இருக்கின்றது. பாட்டில் ஒலிகள் மிகுதியாக இருத்தலாகாது. இயன்றவரை ஓர் அசைக்கு ஓர் ஒலியே அமைய வேண்டும். அப்பொழுதுதான் தெளிவாகவும் பற்றோடும் பாடவியலும் என்பது அதன் கருத்து. அம்மடலிலேயே அவர் இன்னொன்றும் ஒப்புக்கொள்கின்றார். இலத்தீன் பாட்டொன்றைத் தாமே ஆங்கிலத்தில் ஆக்கிப் பார்த்ததாகவும், தம் அடிகளில் நயமும் ஓட்டமும் போதவில்லை என்றும், வல்லார் பிறரைக்கொண்டு அதனைத் திரும்பச் செய்விக்கலாம் என்றும் எழுதுகின்றார்.

இவ்வொப்புதலைச் சற்று எண்ணிப் பாருங்கள். 'எம் மொழி இசைக்கு ஏற்றதன்று. ஆகலின் இலத்தீனே இருக்கட்டும்' என்று அவர் சொல்லவில்லை. 'என் ஆக்கம் போதவில்லை. மொழி போதும்' என்றார். ஒருவன் தன் குறையைத் தன் மொழியின்மேல் ஏற்றிச் சொல்வது எவ்வளவு எளிது! தன் தோள்மேல் ஏற்றுக்கொள்வதற்கு மானம் வேண்டும்.

1549-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆங்கில வழிபாட்டு நூல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே அதற்கு எளிய பண்ணமைத்து அச்சிட்டவர், விண்ட்சர்க் கோயிலில் இசைக்கருவி மீட்டியவரான சான் மெர்பெக்கு. இவர் யாரெனின், 1543-இல் எரியூட்டிக் கொல்லப்படும் ஒறுப்புக்கு ஆளாகி, அரசரின் மன்னிப்பால் உயிர் தப்பியவர்! அவர் வீட்டிற் கைப்பற்றப்பட்ட தாள்களுள் விவிலியச் சொற்களுக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதிவந்த சொல்லடைவும் ஒன்று. அவரோடு தீர்ப்புப் பெற்ற மூவர் எரிக்கப்பட்டனர். ஏழாண்டு கழித்து, அதே மனிதர், அதே மொழியில், நாடு முழுமைக்கும் பாட்டேடு தருகின்றார். இசைக்கு மொழியில்லையெனின் இவ்வளவு நெருப்பு எதற்கு?

ஈண்டு எதிர்வழக்காடுவோர் ஒரு பெயரை உயர்த்திக் காட்டுவர். யாமே அதனை எடுத்துரைத்துவிடுகின்றோம். வில்லியம் பேர்டு, 1623-இல் மறைந்த பெரும் இசைப்புலவர். முதலாம் எலிசபெத்தின் அரண்மனைக் கோயிலிற் பணியாற்றி ஆங்கில வழிபாட்டுக்கும் பாட்டமைத்தவர். ஆனால், அவர் உரோமைச் சமயத்தைக் கைவிடாதவர். மூன்று குரலுக்கும் நான்கு குரலுக்கும் ஐந்து குரலுக்குமென அவர் அமைத்த மூன்று பூசைப் பாடல்களும் இலத்தீனே. 1590-களில் அவை முகப்புத் தாளின்றிக் கமுக்கமாக அச்சேறின. அவற்றைப் பாடியோர், கதவை அடைத்துக்கொண்டு நாட்டுப்புற வளமனைகளிற் கூடித் தொழுதோர். அவருடைய உயிர்ப்பான இசை இலத்தீனில் அன்றோ இருக்கின்றது என்று கேட்பர்.

இருக்கட்டும். பேர்டின் பெருமையைக் குறைப்பது எம் நோக்கமன்று. குறைத்தாலும் அது குறையாது. ஆனால், பேர்டு யார் பக்கச் சான்று? 1605-இல் தாம் வெளியிட்ட இலத்தீன் பாடற்றொகுதியின் முன்னுரையில் அவர் என்ன சொல்கின்றார்? இறைமைச் சொற்களைக் கருத்தூன்றி எண்ணியெண்ணிப் பார்ப்பவனுக்கு, அவற்றுள் மறைந்து கிடக்கும் ஆற்றலால், பொருந்திய இசை தானே வந்து அமைகின்றது என்னும் கருத்தை வெளியிடுகின்றார். சொல்லின்றி இசை வந்தது என்றா சொன்னார்? சொல்லின் பொருளே இசையைப் பெற்றது என்றார். அவரும் அவரோடு பாடியோரும் தாம் பாடியது இன்னதென அறிந்தே பாடினர். அரசும் அறிந்தது. அதே 1605-இல் அத்தொகுதியை வைத்திருந்த கரணியத்திற்காகப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இலண்டனிற் பிடிபட்டு நியூகேட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். வெறும் ஒலிக்காகவா ஒருவரைச் சிறையில் இடுவார்கள்?

இனி, அடுத்து வந்த நூற்றாண்டுகள். 1640-களில் தூய்மைச் சமயத்தார் கை ஓங்கியபொழுது பாடற்குழுக்கள் கலைக்கப்பட்டன. கோயில்களின் ஆர்கன் கருவிகள் உடைக்கப்பட்டன. 1660-இல் அரசாட்சி மீண்டது. என்றி பர்சல் தோன்றி, ஆங்கிலச் சொல்லின் நெளிவு சுளிவு அறிந்து பண்ணமைத்து, 37 அகவை நிரம்புமுன் 1695-இல் மறைந்தார். பின்னர் வந்தவர் ஆண்டல் என்னும் செருமானியர். இலண்டனில் இத்தாலிய மொழியில் இசைநாடகங்கள் எழுதி எழுதிப் பார்த்தார். செல்வர் சில்லாண்டு வந்து கேட்டனர், பின் வரவில்லை. 1741-க்குப் பின் அவர் இத்தாலிய இசைநாடகம் எழுதவேயில்லை. ஆங்கில விவிலியச் சொற்களை எடுத்துச் சேர்ந்திசையாக அமைத்த 'மெசாயா' 1742-ஆம் ஆண்டு ஏப்பிரல் 13-இல் தப்ளினில் அரங்கேறியது. அவரை அந்நாட்டு மக்கள் தம்முள் ஒருவராக ஏற்றுக்கொண்டது எந்த மொழியினால் என்பதை யாம் சொல்லவும் வேண்டுமோ! ஆங்கிலச் சொல்லழுத்தத்தில் அவர் இடறிய இடங்கள் உண்டு. பிற்காலப் பதிப்பாசிரியர்கள் திருத்தியும் உள்ளனர். ஆனால் வந்த நாட்டின் மொழிக்கு அவர் வணங்கினார்.

மெண்டல்சோன் என்னும் மற்றொரு செருமானியரும் அவ்வாறே. 1846-ஆம் ஆண்டு ஆகத்து 26-இல் பர்மிங்காமில் அவருடைய 'எலியா' முதன்முதல் பாடப்பட்டது ஆங்கிலத்தில். அதன் மொழிபெயர்ப்பாளர் பார்த்தலமியுவோடு அவர் அசையசையாக மடல்வழி வழக்காடினார். ஆங்கில விவிலியச் சொல் மாறாதிருக்கும்பொருட்டுத் தம் இசையையே ஆங்காங்கு மாற்றினார். ஒலியை வெட்டிச் சொல்லைக் காத்தார் என்க. நம் மேடைகளிலோ சொல்லை வெட்டி ஒலியைக் காப்பதே புலமையெனப்படுகின்றது!

எனினும், இவ்விருவரின் புகழ்நிழல் ஆங்கிலேயர்க்கே தீங்காயிற்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்நாட்டு இசையமைப்பாளருட் பலர் செருமானிய அச்சில் ஆங்கில மாவைப் பிழிந்துகொண்டிருந்தனர். தம் முன்னோரான தாலிசும் பேர்டும் அமைத்தவற்றுட் பெரும்பகுதி நூலகங்களின் கையேடுகளில் உறங்கிற்று. இறுதியில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானியர் ஒருவர் இங்கிலாந்தை 'இசையில்லா நாடு' என்றே இகழ்ந்து நூலெழுதினார். பிறன் அச்சைத் தனதாக்கிக் கொண்டவனைப் பிறனே இகழ்வான்.

ஆங்கிலம் அழுத்தத்தால் நடக்கும் மொழி. 'ரெக்கார்டு' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலசையை அழுத்தினால் அது 'பதிவு' என்னும் பெயர். இரண்டாம் அசையை அழுத்தினால் 'பதிவு செய்' என்னும் வினை. இசையமைப்பவன் தாளத்தின் வன்மையான இடத்தில் தவறான அசையை வைத்துவிட்டால் சொல்லே மாறிப்போகும். தமிழோ நெடிலாலும் குறிலாலும் நடப்பது. குறிலை நீட்டினால் மலை மாலையாகும், கல் காலாகும். ஆங்கில வழிபாட்டு மெட்டுகளைக் கொணர்ந்து, அவற்றின் அளவுக்குத் தமிழ்ச் சொற்களை நறுக்கி நம் கிறித்துவக் கோயில்களிற் பாடுவித்தபொழுது நேர்ந்தது இதுவே. அழுத்தம் விழவேண்டிய இடத்திற் குறில் வந்து நிற்க, அதனை இழுத்து இழுத்துப் பாட, பொருள் மலையேறிற்று, இல்லை, மாலையேறிற்று! தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாத்திரியார் (1774 – 1864) நம் பண்களிலேயே கிறித்துவப் பாடல்கள் ஆக்கினார். அவை ஊர்ப்புறக் கிழவியர் வாயிலும் இன்றுவரை நிற்பது ஏன் என்பதை மொழியில்லா இசையார் விளக்குவார்களாக.

இங்கிலாந்து விழித்த வகை அறியத்தக்கது. 1887-இல் உபர்ட்டு பாரி என்பார் மில்டனின் செய்யுளொன்றை எடுத்து, அதன் நீண்ட சொற்றொடர்கள் முறியாமல் எண்குரற் சேர்ந்திசையாக அமைத்தார். இளைஞர்க்கு ஒரு வழி திறந்தது. அவ்விளைஞருள் ஒருவரான இரால்ப்பு வாகன் வில்லியம்சு, 1903-ஆம் ஆண்டு திசம்பர் 4-இல் எசெக்சு மாவட்டத்துச் சிற்றூரொன்றில் முதிய கூலியாளர் ஒருவர் பாடிய பாட்டைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அதன்பின் ஊர் ஊராகச் சென்று உழவர், மீனவர், வழிப்போக்கர் வாயினின்று நூற்றுக்கணக்கான பாடல்களைத் தொகுத்தார். 1906-இல் ஆங்கில வழிபாட்டுப் பாடல் நூலொன்றின் இசைப்பொறுப்பு அவரிடம் வந்தபொழுது அவற்றுட் சிலவற்றின் மெட்டுகளைக் கோயிலுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார். கள்ளுக்கடையிற் பாடிய மெட்டு கடவுள்முன் பாடத் தகுமோ என்று அவர் அஞ்சவில்லை. அம்மெட்டு ஆங்கிலச் சொல்லோடு பிறந்து வளர்ந்தது. ஆகலின் ஆங்கில வழிபாட்டுச் சொல்லோடும் ஒட்டி நின்றது.

மறுபுறம், பழைய கையேடுகளைத் தூசு தட்டி எடுத்தனர். 1922 முதல் 1929 வரை பத்துப் பெருந்தொகுதிகளாக 16-ஆம் நூற்றாண்டையொட்டிய கோயிலிசை அச்சேறியது. அச்சிட்ட தாள் நூலகத்தில் உறங்கிவிடாமற் காத்தது புதிய கருவி. 1926-ஆம் ஆண்டு அக்டோபர் 7-இல் வெசுட்டுமின்சுட்டர்க் கோயிலின் மாலைப்பாட்டு வழிபாட்டை வானொலி முதன்முதலாக ஒலிபரப்பிற்று. கிழமைதோறும் அது இன்றும் தொடர்கின்றது. 1927-ஆம் ஆண்டு மார்ச்சில் ஒலிப்பதிவு வண்டி ஒன்று இலண்டன் டெம்பிள் கோயில் வாயிலில் வந்து நின்றது. எர்னசுட்டு இலவ் என்னும் சிறுவன் மெண்டல்சோனின் மன்றாட்டுப் பாடலைப் பாடினான். ஆங்கிலச் சொற்களுக்கென்றே 1844-இல் அமைக்கப்பட்டது அது. வாங்குவோர் பெருகி மூலத்தகடு தேய்ந்துபோக, மறு ஆண்டு மீண்டும் பாடிப் பதிய வேண்டியதாயிற்று. 1960-களின் தொடக்கத்திற்குள் அத்தட்டு பத்து இலக்கம் படிகள் விற்றன.

இவ்வரலாற்றின் கொடுமுடி 1962-ஆம் ஆண்டு மே 30. குண்டுவீச்சில் அழிந்து புதிதாய் எழுந்த கவென்ட்ரிப் பெருங்கோயிலில் பெஞ்சமின் பிரிட்டனின் 'போர் இறுதிவழிபாடு' பாடப்பட்டது. பெருங்குழுவும் பெண்குரலும் சிறுவர் குழுவும் இறந்தோர்க்கான இலத்தீன் வழிபாட்டைப் பாடுகின்றன. அதனை இடைமறித்து இரண்டு படைவீரர் ஆங்கிலத்திற் பாடுகின்றனர். அவர்கள் பாடுவது, முதல் உலகப்போர் ஓய ஒரு கிழமையே இருந்தபொழுது, 1918 நவம்பர் 4-இல் களத்தில் மாண்ட வில்பிரட்டு ஓவனின் பாக்கள். இலத்தீன் அமைதி வேண்டுகின்றது. ஆங்கிலமோ, கொன்றவனும் கொல்லப்பட்டவனும் எதிரெதிர் நின்று பேசுவதைக் காட்டுகின்றது. அவ்விருவருள் ஒருவராகப் பாடியவர் செருமானியர், பீசர் தீசுக்காவு. மற்றவர் ஆங்கிலேயர், பீட்டர் பியர்சு. ஓவனின் சொற்களை நீக்கிவிட்டு வெறும் பண்ணை மட்டும் இசைத்திருந்தால் அது பேரொலியாயிருக்கும், குற்றச்சாட்டாய் இருந்திராது. 1963-இல் வெளிவந்த அதன் ஒலித்தட்டு ஐந்து திங்களில் இரண்டு இலக்கம் விற்றது.

மொழியை உதறிய இசைக்கு என்ன நேரும் என்பதையும் அதே நாட்டின் ஒலித்தட்டு வாணிகமே காட்டிவிட்டது. தாலிசு அமைத்த நாற்பது குரற்பாடல் ஒன்றுண்டு. இறைவனையன்றி வேறெவரிடத்தும் நம்பிக்கை வைத்திலேன் என்னும் கருத்துடைய இலத்தீன் மன்றாட்டு அது. 2012-ஆம் ஆண்டில் இழிகாமக் கதைநூல் ஒன்றில் அதன் பெயர் வந்தது. உடனே அப்பாடலின் பதிவு பிரித்தானியச் செவ்வியல் விற்பனைப் பட்டியலில் முதலிடத்திற்கு ஏறிற்று! வாங்கியோர்க்கு அதன் சொல் தெரியாது, தெரிந்துகொள்ள விரும்பவுமில்லை. நானூறாண்டுத் தொழுகை படுக்கையறைப் பின்னொலியாயிற்று. 'இசைக்கு மொழியில்லை' என்னும் கொள்கை கடைசியிற் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் இதுவன்றி வேறென்ன?

இவ்வளவு சொன்னமையால் ஆங்கிலேயர்க்குப் புகழ்மாலை சூட்டுகின்றோம் என எவரும் கருதற்க. இலத்தீனின் பிடியினின்று தம் நாவை விடுவித்த அதே 1549-ஆம் ஆண்டில் அவர்கள் செய்த வன்கண்மையையும் எழுதாது விடோம். அந்நாட்டின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வாலில் கார்னிசு என்னும் தனிமொழி வழங்கிற்று. ஆங்கில வழிபாட்டு நூல் அங்கும் ஆணையாகச் சென்றது. கார்ன்வாலரும் அண்டையிலிருந்த தெவன் மக்களும் கிளர்ந்தெழுந்தனர். எம்முட் சிலர்க்கு ஆங்கிலம் விளங்காது. ஆகலின் இப்புதிய ஆங்கில வழிபாட்டை ஏலோம். பழைய இலத்தீனையே தருக என்று எழுதி விடுத்தனர். கிரான்மர் மறுமொழி எழுதினார். ஆங்கிலம் அறிந்தாரைவிட இலத்தீன் அறிந்தார் உங்களுள் மிகுதியோ என்று அவர்களை மடக்கினார். மடக்கியது சரியே! ஆனால், அசைக்கோர் ஒலி வேண்டும், கேட்பவன் நெஞ்சிற் சொல் பதிய வேண்டும் என்று அரசர்க்கே எழுதிய அப்பேராயர்க்கு, 'உங்கள் கார்னிசு மொழியிலேயே ஆக்கித் தருகின்றோம்' என்று சொல்ல நாவெழவில்லை. படை சென்றது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

வேல்சு நாட்டார்க்கோ 1563-இல் நாடாளுமன்றம் அவர்கள் மொழியிலேயே விவிலியமும் வழிபாட்டு நூலும் ஆக்க ஆணையிட்டது. 1567-இல் வழிபாட்டு நூலும் 1588-இல் முழு விவிலியமும் வந்தன. 1621-இல் எட்மண்டு பிரைசு பாடுதற்கேற்ற வேல்சுச் செய்யுளாகத் திருப்பாடல்களை ஆக்கினார். அம்மக்கள் இன்றும் தம் கோயிலிலும் ஆடற்களத்திலும் தம் மொழியிற் பல குரல் சேர்த்துப் பாடுகின்றனர். அவர்தம் ஆடவர் குழுக்களின் ஒலித்தட்டுகள் உலகெங்குங் கிடைக்கின்றன. கார்னிசில் அக்காலத்தில் எவரும் வழிபாட்டு நூல் ஆக்கவில்லை. அதனைத் தாய்மொழியாய்ப் பேசிவந்தோர் வழி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி அற்றுப்போயிற்று. ஒலித்தட்டு தோன்ற அதன்பின் ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. 20-ஆம் நூற்றாண்டில் நூல்களைக்கொண்டு அம்மொழியை மீட்டெடுத்தோர் இப்பொழுது அதிற் பாடி ஒலிப்பதிவு செய்கின்றனர். அதனை அவர்கள் எந்தக் கிழவியிடமும் கேட்டுக் கற்கவில்லை. ஏட்டைப் பார்த்தே பலுக்கிப் பழகினர்.